'நல்ல நெஞ்சு டொக்டர் ஒருவரின் பெயர் சொல்லுங்கோ'

கொக்குவிலில் இருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"அப்பாவுக்கு வயது 64. நாலு மாதமாக இருமல். காலையில் எழும்பினால் அரை மணித்தியாலம் இருமிச் சளி துப்பின பிறகுதான் ஆறுதல். முந்தி சைக்கிளில் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் வருவார். இப்போது கேற்றடிக்குப் போய் வரவே மூச்சு வாங்குகிறது. 30 வருடம் சுருட்டுப் பிடித்தவர், விட்டு 5 வருடம். பக்கத்து டிஸ்பென்சரியில் இரண்டு தரம் அன்ரிபயோற்றிக் தந்தார்கள், மூச்சோடு இழுக்கிற மருந்துப் பம்ப் ஒன்றும் தந்தார்கள். பம்பால் ஒரு பிரயோசனமும் இல்லை என்கிறார். பிரஷருக்கு ஆஸ்பத்திரிக் கிளினிக் மருந்தும் குடிக்கிறார். போனில் தேடி ஒரு நெஞ்சு டொக்டரின் பெயரை எடுத்து விசாரித்தால், அவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். கனடாவில் இருக்கிற அக்கா, 'யாழ்ப்பாணத்தில் வைத்து மினக்கெடாமல் கொழும்புக்குக் கொண்டு போ, காசு அனுப்புகிறேன்' என்கிறார். நல்ல நெஞ்சு டொக்டர் ஒருவரின் பெயர் சொல்லுங்கோ டொக்டர்."

அன்பின் தங்கைக்கு,

பெயர் எழுதமாட்டேன், கோபிக்க வேண்டாம். நான் இன்றைக்கு ஒரு பெயரை எழுதி, யாரோ ஒருவர் அடுத்த வருடம் இதை வாசித்துவிட்டு அந்த டொக்டரைத் தேடிப் போனால், உங்களுக்கு நடந்ததுதான் அவருக்கும் நடக்கும். அரச வைத்தியசாலை நிபுணர்களுக்கு இடமாற்றம் வழக்கமான விஷயம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டே போன வைத்தியர்களும் கனபேர். போனில் வருகிற பட்டியல்களை யாரும் ஒழுங்காகத் திருத்துவதில்லை. ஆள் போய் இரண்டு வருடமானாலும் பெயர் அங்கேயே குந்திக்கொண்டிருக்கும். ஆகவே இன்றைக்கு யார் இருக்கிறார் என்று எங்கே கேட்பது, எந்தப் பெயரால் கேட்பது என்பதைச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. அப்பா ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் இரண்டு சொல்லுக்கு ஒருக்கால் மூச்சு வாங்கினால், உதடோ நகமோ நீலம் பாய்ந்தால், வழக்கமில்லாத மாதிரி மயங்கிப் பினாத்தினால், நிபுணரைத் தேடுவதெல்லாம் பிறகு. 1990 அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். சளியில் இரத்தம் கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 'நாளைக்கு விடியப் பார்ப்பம்' என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். இந்த விஷயத்தில் மட்டும் அது வேண்டாம்.

சரி, இப்போது அந்த 'நெஞ்சு டொக்டர்' என்ற சொல்லுக்கு வருவோம். எங்களுக்கு இருதயமும் நெஞ்சு, சுவாசப்பையும் நெஞ்சு. என்னிடம் வருகிற ஒரு அம்மா, முட்டு வருத்தக்காரி, ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து "நெஞ்சு டொக்டருக்கு ஒரு நம்பர் போடு தம்பி" என்று கேட்டிருக்கிறார். பின்னேரம் 4 மணிக்குப் போனவர் 8 மணி மட்டும் காத்திருந்து உள்ளே போனால், அவர் இருதய நிபுணர். அவரும் பாவம், ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு "இருதயம் நல்லாயிருக்கு, நீங்கள் பார்க்க வேண்டியது வேறு ஆள்" என்று அனுப்பிவிட்டார். காசும் போனது, ஒரு பின்னேரமும் போனது. நீங்கள் கேட்க வேண்டியவர் சுவாச நோய் வைத்திய நிபுணர். போனில் 'ரெஸ்பிரேட்டரி பிசிசன்' என்று சொன்னால் உடனே விளங்கும், பழைய ஆட்கள் 'செஸ்ட் பிசிசன்' என்பார்கள். வெறும் 'பிசிசன்' என்றால் பொது வைத்திய நிபுணர். அவர் எல்லா வருத்தமும் பார்ப்பவர், அப்பாவின் பிரஷர் கிளினிக்கில் இருப்பவரும் அநேகமாக அவர்தான். அவரைப் பார்ப்பதும் வீண் இல்லை. சுவாச நோய் நிபுணருக்குக் கடிதம் தருகிற ஆளே அவராக இருக்கலாம்.

ஒருவர் உண்மையில் அந்தத் துறையில் பயின்றவரா என்று சந்தேகம் வந்தால், அதைப் பார்க்கவும் வழி இருக்கிறது. இங்கே நிபுணராக வருபவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் வருடக்கணக்காகப் படித்து, பயிற்சி எடுத்துச் சான்று வாங்கித்தான் வருவார். இலங்கை மருத்துவ சபையில் வைத்தியர்களின் பதிவேடு இருக்கிறது, நிபுணர்களுக்குத் தனிப் பதிவேடு. சபையின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். முகநூலில் யார் எத்தனை நட்சத்திரம் போட்டார்கள் என்பதை விட இது உறுதியான தகவல்.

அடுத்தது, எங்கே போவது. அரச பக்கம் இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று யாழ் போதனா வைத்தியசாலை. கொக்குவிலில் இருந்து பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரம். வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து, வைத்தியரிடம் நாலு மாத இருமல், மூச்சு வாங்குதல், சுருட்டு மூன்றையும் சொல்லி, சுவாச நோய்க் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். குடும்ப வைத்தியரின் கடிதம் கையில் இருந்தால் இன்னும் இலகு. அந்த டிஸ்பென்சரி டொக்டரிடமே கேட்டு வாங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது வாசல்தான் எங்கள் ஆட்கள் மூக்கைச் சுளிக்கிற வாசல்: மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையம். ஊரில் 'கசக் கிளினிக்' என்பார்கள்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தேசிய காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் மாவட்டங்கள் தோறும் இந்த நிலையங்கள் இயங்குகின்றன, யாழ் மாவட்டத்துக்கும் உண்டு. காசநோய் மட்டும் பார்க்கிற இடம் என்று நினைக்காதீர்கள். தொய்வு (ஆஸ்மா), நாட்பட்ட சளி, சுருட்டால் வந்த சுவாசத்தடை எல்லாம் அங்கே பார்ப்பார்கள். ஆனால் சனம் போகாது. என்னிடம் வந்த ஒரு ஆசிரியரை அங்கே அனுப்பினேன். மனுசன் சைக்கிளை அடுத்த ஒழுங்கையில் விட்டுவிட்டு, தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, கள்வன் மாதிரிப் போயிருக்கிறார். உள்ளே போய்க் கதிரையில் இருந்து பார்த்தால், பக்கத்துக் கதிரையில் அவருடைய பழைய அதிபர்! இரண்டு பேரும் சிரித்துவிட்டார்களாம். ஆசிரியருக்குக் கசம் இல்லை, தொய்வு. மருந்து அங்கேயே கொடுத்தார்கள், இப்போதும் ஒழுங்காகப் போய் வருகிறார்.

உங்கள் அப்பாவுக்கு இது முக்கியம். ஏனென்றால், இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால் சளியைக் காசநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும் என்பது இந்த நாட்டு நடைமுறை. அப்பாவுக்கு நாலு மாதம். எக்ஸ்ரே எடுத்தார்களோ இல்லையோ என்று கடிதத்தில் இல்லை. சளி சோதித்ததாகவும் இல்லை. அரச இடத்தில் இந்தச் சோதனைக்குக் காசு இல்லை. நிபுணரைக் கண்டுபிடிக்கும் வரை இதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. சளி கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது: காலையில் எழும்பியவுடன் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, வெளியே காற்றோட்டமான இடத்தில் நின்று, ஆழமாக மூச்செடுத்து அடியில் இருந்து இருமி வருகிற சளி வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் 'ஒன்றும் இல்லை' என்றுதான் ரிப்போர்ட் வரும், ஆனால் அது எச்சிலின் ரிப்போர்ட். ஒருவேளை கசம்தான் என்று வந்தாலும் தலையில் கை வைக்க வேண்டாம். வழக்கமான கசத்துக்கு ஆறு மாத மருந்து, இலவசம், ஒழுங்காகக் குடித்தால் சுகம்.

அந்த அன்ரிபயோற்றிக் இரண்டின் பெயரையும் தேடி எடுங்கள். மாத்திரை மட்டை குப்பையில் போயிருந்தால் டிஸ்பென்சரியில் போய்க் கேளுங்கள். காரணம் இருக்கிறது. லீவோபுளொக்சசின், சிப்ரோபுளொக்சசின் வகை மருந்துகள் கசத்தையும் கொஞ்சம் அமுக்கிவிடும். நாலு நாள் சுகம் போலக் காட்டி, நோயைக் கண்டுபிடிப்பதைப் பிந்தப் பண்ணும். இருமலுக்கு எடுத்த எடுப்பில் அதைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இது தொழில் செய்கிற எங்களுக்குள்ளே பேச வேண்டிய விஷயம், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

தனியாரில் பார்ப்பதென்றால் சனல் பண்ண வேண்டும், அதாவது முன்கூட்டியே நம்பர் போட வேண்டும். அரச ஆஸ்பத்திரி நிபுணர்களே பின்னேரமும் வார இறுதியிலும் தனியாரில் இருப்பார்கள். நம்பர் போடும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாவது, "இவர் இங்கேயே யாழ்ப்பாணத்தில் வேலை செய்கிறவரா, இல்லை வெளியில் இருந்து வந்து போகிறவரா?" வந்து போகிறவர் கெட்டிக்காரராக இருக்கலாம், ஆனால் அவர் போய் மூன்றாம் நாள் அப்பாவுக்கு இழுப்புக் கூடினால் யாரிடம் ஓடுவீர்கள்? இரண்டாவது, "மூச்சு ஊதிப் பார்க்கிற சோதனை, ஸ்பைரோமெற்றி, அங்கே இருக்கிறதா?" என்று. அது இல்லாத இடத்தில் நிபுணர் கதையைக் கேட்டு, குழாயை வைத்துப் பார்த்து, ஊகிக்கத்தான் முடியும்.

ஸ்பைரோமெற்றி என்றால் பயப்படுகிறார்கள், ஊசி கீசி ஒன்றும் இல்லை. மூக்கில் ஒரு கிளிப் போடுவார்கள். வாயில் ஒரு குழாய். நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் வேகமாக ஊதி, ஆறு விநாடிக்குக் குறையாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் "ஊதுங்கோ, ஊதுங்கோ, இன்னும், இன்னும்" என்று படகுப் போட்டியில் கத்துகிற மாதிரிக் கத்துவார். மூன்று தரமாவது செய்விப்பார்கள். பிறகு பம்ப் மருந்து கொடுத்து, கொஞ்ச நேரம் இருத்தி வைத்து, திரும்ப ஊதச் சொல்வார்கள். முதல் ஒரு விநாடியில் வெளியே வந்த காற்று, முழுவதும் ஊதிய காற்றில் நூற்றுக்கு 70க்குக் குறைந்து, மருந்துக்குப் பிறகும் அப்படியே நின்றால் நாட்பட்ட சுவாசத்தடை. மருந்துக்கு நன்றாக ஏறிவிட்டால் தொய்வின் பக்கம் யோசிப்பார்கள். 30 வருடச் சுருட்டு என்பதால் எனக்கு முதலாவது மேலேதான் கண், ஆனால் அதைக் கடிதத்தை வைத்து முடிவு கட்ட ஏலாது. சுவாசத்தடை இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம், அதனால் எக்ஸ்ரே நல்லது என்று சொல்லி ஊதுகிற சோதனையைத் தவிர்க்காதீர்கள். அண்மையில் மாரடைப்போ கண் ஒப்பரேசனோ நடந்திருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அன்றைக்குக் காலையில் பம்ப் அடிக்கலாமா கூடாதா என்பதையும் நம்பர் எடுக்கும்போதே கேளுங்கள்.

புற்றுநோய் என்ற சொல்லைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரிகளுக்கு இடையில் அந்தப் பயம் தெரிகிறது. சுருட்டுப் பிடித்தவர், இந்த வயது, மாறாத இருமல் என்றால் நிபுணரும் அதை மனதில் வைத்துத்தான் பார்ப்பார். தேவையென்று கண்டால் சீ.ரி. ஸ்கான் எழுதுவார். உடம்பு மெலிகிறதா, சாறமோ பெல்ற்றோ தளர்ந்திருக்கிறதா, குரல் மாறியிருக்கிறதா என்று பார்த்து வையுங்கள், அவர் கட்டாயம் கேட்பார்.

பிரஷர் மருந்தைப் பற்றி. கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள். எனலப்பிரில், கப்டோபிரில், லிசினோபிரில் என்று முடிவில் 'பிரில்' வருகிற மருந்து இருக்கிறதா? அந்த வகை சிலருக்கு வரட்டு இருமலைக் கொண்டுவரும். அப்பாவுக்குச் சளி வருவதால் அது மட்டுமே காரணமாக இருக்காது. இருந்தாலும் சொல்ல வேண்டிய விஷயம். நீங்களாக நிற்பாட்ட வேண்டாம், பிரஷர் ஏறி வேறு வினை வரும். கொப்பியைக் கொண்டு போய்க் காட்டினால் அவர்களே மாற்றித் தருவார்கள்.

இனி அந்தப் பம்ப். 'பிரயோசனம் இல்லை' என்று சொன்னவர்களில் எத்தனையோ பேரிடம் நான் "எனக்கு முன்னால் ஒருக்கால் அடித்துக் காட்டுங்கோ" என்று கேட்டிருக்கிறேன். போன மாதம் ஒரு ஐயா, அவரும் பழைய சுருட்டுக்காரர், வாயைத் திறந்து இரண்டு அடி படபடவென்று அடித்தார். மருந்து அவ்வளவும் புகையாக வாயாலும் மூக்காலும் வெளியே வந்தது. "ஐயா, இது சுருட்டு இல்லை, புகையை உள்ளே வைத்திருக்க வேணும்" என்றேன். மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். பம்பைக் குலுக்கி, உள்ளே இருக்கிற மூச்சை வெளியே விட்டு, வாயில் இறுக்கி வைத்து, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும்போது ஒரு அடி. இழுத்து முடிந்ததும் பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடித்திருக்க வேண்டும். அடுத்த அடிக்கு அரை நிமிடமாவது இடைவெளி. கை நடுங்குகிறவர்களுக்கும் நேரம் பிசகுகிறவர்களுக்கும் ஸ்பேசர் என்ற குடுவையைப் பூட்டி அடிப்பது நல்லது, பாமசியில் கிடைக்கும். பம்பில் ஸ்டீரொயிட் மருந்து இருந்தால் அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும். நிபுணரிடம் போகும்போது பம்பையும் கையோடு கொண்டு போய், அவர் கேட்காவிட்டாலும் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மற்றதையெல்லாம் ஒரு பையில் போடுங்கள். கிளினிக் கொப்பி, பழைய எக்ஸ்ரே எத்தனை வருடத்துக்கு முந்தியதானாலும் படத்தோடு, மருந்து மட்டைகள், ஒரு துண்டில் நீங்கள் கேட்க நினைக்கிற கேள்விகள். பழைய படம் பெரிய பொருள். புதிய படத்தில் ஒரு நிழல் தெரிந்தால், அது பத்து வருடமாக இருக்கிற தழும்பா, இந்த வருடம் வந்ததா என்று பழையதை வைத்துத்தான் பிரித்துப் பார்க்கலாம். துண்டு ஏன் என்றால், உள்ளே கிடைப்பது சில நிமிடம். அப்பாவைக் கதைக்க விட்டால் 1995 இடப்பெயர்வில் இருந்து தொடங்குவார். போதனா வைத்தியசாலையில் மருத்துவ பீட மாணவர்கள் வந்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டால் சலிக்க வேண்டாம் என்று அவரிடம் முதலே சொல்லி வையுங்கள். கதையை முழுசாக, பொறுமையாகக் கேட்கிறவர்கள் பல நேரம் அந்தப் பிள்ளைகள்தான்.

டொக்டர் சொன்னது விளங்காவிட்டால் "தமிழில் ஒருக்கால் சொல்லுங்கோ" என்று கேளுங்கள், நிபுணர் சிங்களவராக இருந்தால் பக்கத்தில் நிற்கும் தாதியைக் கேளுங்கள். 1847 இல் அமெரிக்காவில் இருந்து வந்த கிறீன் வைத்தியர் தமிழைப் படித்து, மானிப்பாயில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த மண் இது. அவரே படித்தார், நாங்கள் கேட்கக் கூச்சப்படுவதா?

கொழும்பைப் பற்றி அக்காவுக்கு என்ன சொல்வது? அக்காவின் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இது பல்லைப் பிடுங்குகிற மாதிரி ஒரு நாளில் முடிகிற வருத்தம் இல்லை. மருந்து கொடுத்து, ஒரு மாதத்தால் பார்த்து, கூட்டிக் குறைத்து, திரும்ப ஊதிப் பார்த்து, மழைக்காலத்தில் சளி பிடித்தால் இடையில் ஓடிப் போய்க் காட்டி, இப்படி வருடக்கணக்காகப் போகும். இதற்கு இரவு பஸ்ஸில் விடிய விடியக் குந்தியிருந்து போய்ப் பார்க்கிற டொக்டரை விட, ஓட்டோவில் போய்த் திரும்பக்கூடிய டொக்டர்தான் அப்பாவுக்கு ஏற்றவர். மூச்சு வாங்குகிற ஆளை அவ்வளவு தூரம் கொண்டுபோவதே ஒரு தண்டனை. கொழும்பில் இருந்து நீர்கொழும்பு போகிற வழியில் வெலிசறையில் தேசிய சுவாச நோய் வைத்தியசாலை இருக்கிறது. அங்கே போக வேண்டிய தேவை வந்தால் இங்குள்ள நிபுணரே கடிதம் எழுதி அனுப்புவார். அந்தக் கடிதத்தோடு போவது வேறு, கைவீசிக்கொண்டு போவது வேறு.

அக்கா காசு அனுப்பத்தான் போகிறார் என்றால், ஸ்பேசர் ஒன்றும், விரலில் மாட்டி ஒக்சிசன் அளவு பார்க்கிற சின்னக் கருவி ஒன்றும் வாங்குங்கள். வழக்கமான நாளில் அப்பாவுக்கு எவ்வளவு காட்டுகிறது என்று கொப்பியில் குறித்து வையுங்கள், குறைந்தால் அப்போதுதான் தெரியும். மீதியில் குசினிக்கு வழி பாருங்கள். விறகடுப்புப் புகை, படுக்கையறை நுளம்புத்திரி, காலையில் வளவு கூட்டிக் கொளுத்துகிற சருகு, இது மூன்றும் சுருட்டை விட்ட சுவாசப்பைக்குத் திரும்பவும் சுருட்டுக் கொடுக்கிற வேலை. சருகைக் கொளுத்தாமல் தென்னையடியில் தாட்டுவிடச் சொல்லுங்கள். அம்மா முறைப்பார், பரவாயில்லை.

போய்ப் பார்த்த பிறகு என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். திருநெல்வேலிச் சந்தைக்குத் திரும்ப எப்போது சைக்கிளில் போகலாம் என்று அப்பா கேட்டால், அதையும் அந்தத் துண்டில் எழுதி விடுங்கள், நிபுணரிடம் அவரே கேட்கட்டும்.